சபீன் ஷ்மிட்ஸ் நிஜமான ரேஸ் ஓட்டுநரா, டிவி உண்டாக்கிய ஆளா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். பிபிசியின் டாப் கியர் என்ற கார் நிகழ்ச்சியில் சபீன் ஷ்மிட்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி டீசல் வேனை விரட்டிக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார்களையும் பைக்குகளையும் முந்திப் போகும் காட்சியைப் பார்த்திருக்கிறீர்கள், அது நிஜமா அல்லது டிவிக்காகப் பண்ணிய வேடிக்கையா என்பது கேள்வி. கடைசியில் போகிறபோக்கில், நூர்பர்க்ரிங் என்ற அந்த ஒரு டிராக் மட்டும்தானே அவருக்குத் தெரியும், அதற்கா இத்தனை பெயர் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் குடைவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். வேன் விஷயத்துக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம், இதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

பந்தய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் ஓட்டி முடித்த சுற்றின் டேட்டாவைப் பக்கத்தில் உட்கார்ந்து அலசுவதும் பல வருடமாக என் வேலை. அதனால் ஸ்டீயரிங் பிடிக்கிற பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். தொலைக்காட்சிப் பக்கம் நானும் உங்களைப் போல வெறும் பார்வையாளன்தான். அவரை நேரில் சந்தித்ததில்லை. எது பதிவில் உள்ள தகவல், எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாதவை. சபீன் ஷ்மிட்ஸ் பிறந்தது 1969 மே 14, ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கும் அடெனாவில். குடும்பத் தொழில் ஹோட்டல். வளர்ந்தது நூர்பர்க் கிராமத்தில், அதாவது நூர்பர்க்ரிங்கின் நார்ட்ஷ்லைஃப என்கிற அந்த நீண்ட பந்தயத் தடம் சுற்றி வளைத்துப் போகிற ஊரிலேயே. ரேஸ் ஓட்ட வருகிறவர்கள், மெக்கானிக்குகள், கார் நிறுவனத்து ஆட்கள் எல்லாம் அவர்கள் வீட்டு ஹோட்டலில் தங்கி, கீழ்த்தளத்து உணவகத்தில் சாப்பிட்டுப் போவார்கள். அவரும் முறைப்படி படித்தது ஹோட்டல் தொழிலைத்தான், கூடவே ஒயின் பரிமாறும் வல்லுநராகவும் பயிற்சி பெற்றவர். இந்த ஹோட்டல் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டிவிக்கு வரும்போது தேவைப்படும்.

பந்தயக் கணக்கும் தெளிவாக இருக்கிறது. நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை 1996லும் 1997லும் வென்ற அணியில் அவர் இருந்தார், இரண்டு முறையும் யோஹன்னஸ் ஷைட் அணியின் பிஎம்டபிள்யூ எம்3 காரில். ஒட்டுமொத்த வெற்றியில் பங்கு பெற்ற முதல் பெண் அவர்தான். 1998ல் அதே தடத்தில் நடக்கும் விஎல்என் நெடுந்தூரப் பந்தயத் தொடரின் சாம்பியன். பழைய முடிவுப் பட்டியல்களில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெயரே இல்லையே என்று சிலர் வாதத்துக்கு வருவதுண்டு. அப்போது அவர் கணவர் பெயரோடு சபீன் ரெக் என்று ஓட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும். டாப் கியர் அவரைக் கண்டெடுத்தது இதற்கெல்லாம் பல வருடம் கழித்து. ஆக, டிவி உண்டாக்கிய ஆளா என்ற கேள்வி இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இனி "ஒரே டிராக்" குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. அவருடைய பெரிய வெற்றிகள் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான், ஃபார்முலா ஒன் பக்கம் அவர் போகவே இல்லை. ஆனால் அந்த ஒரு இடம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1927ல் திறந்த தடம். நீளம் 20.8 கிலோமீட்டர், அதிகாரபூர்வக் கணக்குப்படி 73 வளைவுகள், தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். பல வளைவுகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும், மேட்டில் ஏறும்போது கண்ணில் படுவது வானமும் மரமும்தான். ஒரு மூலையில் மழை கொட்டும், அதே நேரத்தில் இன்னொரு மூலையில் தார் காய்ந்து கிடக்கும். 1968ல் அங்கே மழையிலும் மூடுபனியிலும் ஜெயித்த ஜாக்கி ஸ்டூவர்ட்தான் அதைப் பச்சை நரகம் என்றார். 1976ல் நிக்கி லாடா எரிந்த காருக்குள் சிக்கியதும் அங்கேதான், அதோடு ஃபார்முலா ஒன் அந்த நீண்ட தடத்தை விட்டுப் போனது.

சாதாரண பந்தயத் தடம் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். புதிதாக வருகிற நல்ல ஓட்டுநர் ஒருவர் காலையில் ஓட ஆரம்பித்தால் மதியத்துக்குள் அதன் பெரும்பகுதியைப் பிடித்துவிடுவார், ஏனென்றால் ஒவ்வொரு வளைவும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வந்துகொண்டே இருக்கும். போன முறை சீக்கிரம் பிரேக் பிடித்துவிட்டோம், இந்த முறை பத்து மீட்டர் தள்ளிப் பிடிப்போம் என்று உடனே சரி செய்யலாம். நார்ட்ஷ்லைஃபவில் அதே வளைவு மறுபடி வர எட்டு, பத்து நிமிடம் ஆகும், அதற்குள் போன தடவை என்ன செய்தோம் என்பது பாதி மறந்திருக்கும். அதனால் அங்கே கற்றுக்கொள்ள வருடக்கணக்கில் ஆகிறது, பெரிய பெயருள்ள ஓட்டுநர்களும் முதல் வருடம் உள்ளூர்க்காரர்களின் பின்னால்தான் போவார்கள். அந்தத் தடத்தை முழுசாகத் தெரிந்து வைத்திருப்பதே தனி வித்தை. ஒரே டிராக் தெரிந்தவர் என்று சொல்லலாம், ஆனால் அதைக் குறைவாகச் சொல்ல முடியாது.

எண்ணில் பார்த்தால் இன்னும் விளங்கும். 2004ல் டாப் கியருக்காக அதன் தொகுப்பாளர் ஜெரிமி கிளார்க்சன் டீசல் ஜாகுவார் எஸ்-டைப் காரில் அங்கே பத்து நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிக்க வேண்டும் என்று சவால். சபீன்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். கிளார்க்சன் 9 நிமிடம் 59 நொடியில் முடித்துவிட்டுப் பெருமையாக இறங்கினார். இந்த நேரத்தை நான் வேனிலேயே எடுப்பேன் என்று கிண்டல் பண்ணிவிட்டு, அதே ஜாகுவாரை எடுத்துக்கொண்டு போய் 9 நிமிடம் 12 நொடியில் வந்து நின்றார் சபீன். வித்தியாசம் 47 நொடி. ஏதோ மந்திரம் போலத் தெரியும். 73 வளைவுக்குப் பிரித்துப் பாருங்கள், வளைவுக்கு முக்கால் நொடிகூட இல்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவது. உயிரைப் பணயம் வைத்து யாரும் 47 நொடி சம்பாதிப்பதில்லை. மேட்டுக்கு அப்பால் ரோடு வலது பக்கம் திரும்பும் என்று தெரிந்திருப்பதால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இருப்பது, இந்த வளைவில் முதலில் பொறுத்தால் அடுத்த மூன்றும் தானாக வரும் என்று பொறுப்பது, இப்படி ஒவ்வொன்றிலும் அரை நொடி. இருட்டில் சொந்த வீட்டு மாடிப்படி இறங்குகிறவர் கைப்பிடியைத் தேடுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

அப்புறம் அந்த வேன். அது 2005ல், டீசல் ஃபோர்டு டிரான்சிட். இணையத்தில் பாதிப் பேர் சொல்வது அவர் வேனிலேயே கிளார்க்சனைத் தோற்கடித்தார் என்று. இல்லை. அவர் எடுத்தது 10 நிமிடம் 8 நொடி, கிளார்க்சனின் ஜாகுவார் நேரத்தைவிட ஒன்பது நொடி கூடுதல். எடையைக் குறைக்க வண்டியிலிருந்து சில சாமான்களைக் கழற்றிப் போட்டார்கள், காற்றின் எதிர்ப்பைக் குறைக்க ஒரு டாட்ஜ் வைப்பர் காரின் முதுகில் ஒட்டிக்கொண்டு போகக்கூடப் பார்த்தார்கள். ஆகவே ஷோரூமிலிருந்து அப்படியே வந்த வேன் என்று சொல்ல முடியாது, சவாலில் ஜெயித்தார் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நேரம் சராசரியாக மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. உயரமான, தட்டையான முகமுள்ள, வளைவில் ஒருபக்கமாகச் சாய்கிற ஒரு சரக்கு வண்டியில், மற்ற வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கிற தடத்தில். பெர்க்வெர்க் வளைவைத் தாண்டினால் ஹோஹெ ஆக்ட் வரைக்கும் நீண்ட ஏற்றம், அங்கே இன்ஜினில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும், எந்த ஓட்டுநராலும் ஒன்றும் செய்ய முடியாது. மீதி இடங்களில்தான் அவர் நேரத்தைப் பிடித்தார்.

இதில் ஒரு எச்சரிக்கை. டிவி நேரங்களை, தடத்தை மூடி வைத்துக் கார் நிறுவனங்கள் எடுக்கிற சாதனை நேரங்களோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். பொதுமக்கள் கட்டணம் கட்டி ஓட்டும் நாட்களில் நேர்ச்சாலையின் ஒரு பகுதி வழியாக உள்ளே நுழைந்து அதிலேயே வெளியே வர வேண்டும் என்பதால் முழுச் சுற்றையும் அளக்க முடியாது. எங்கிருந்து எங்கே வரை என்பதே இடத்துக்கு இடம் மாறும். ஒப்பிட எடுத்துக்கொள்ளத் தகுந்த எண், ஒரே கார், ஒரே அளவு, இரண்டு ஓட்டுநர் என்கிற அந்த 47 நொடி மட்டும்தான்.

இன்னொரு பிரபலமான எண்ணும் இருக்கிறது, அவர் அங்கே 20,000 சுற்றுக்கு மேல் ஓட்டியவர் என்பது. இது அவரே சொன்ன மதிப்பீடு, வருடத்துக்கு 1,200 போலக் கூடிக்கொண்டு போவதாகவும் சொல்லியிருக்கிறார். யாரும் பக்கத்தில் நின்று எண்ணிய கணக்கில்லை. நம்பக்கூடியதா என்றால், அந்த வேகத்தில் 20,000ஐத் தொடப் பதினாறு, பதினேழு வருடம் வேண்டும், பதின்ம வயதிலிருந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தவருக்கு அது அசாத்தியம் இல்லை. தோராயமாகச் சரி என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

அத்தனை சுற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியமானது. அவர் வருடக்கணக்காக ரிங் டாக்சி ஓட்டினார். பிஎம்டபிள்யூ எம்5 காரில் பணம் கட்டிய பயணிகளை ஏற்றிக்கொண்டு, அந்தத் தடத்தை முழு வேகத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிற வேலை. உலகத்தின் வேகமான டாக்சி டிரைவர் என்ற பட்டம் அங்கே வந்தது. என் ஊகம் இனிமேல்தான் ஆரம்பம்: அவரை டிவி தொகுப்பாளராகத் தயார் செய்தது பந்தயத்தைவிட இந்த டாக்சியும் அந்த ஹோட்டலும்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், எல்லை வேகத்தில் ஓட்டிக்கொண்டே பேசுவது மிகமிகக் கஷ்டம். பயிற்சியில் நான் இதை ஒரு சோதனையாகவே வைப்பதுண்டு. நன்றாக ஓட்டுகிறார் என்று நினைக்கிற ஒருவரிடம் பக்கத்திலிருந்து சும்மா ஏதாவது கேட்பேன், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்கிற மாதிரி. பெரும்பாலும் வாய் திறந்ததும் பிரேக் புள்ளி தவறும், அல்லது பதிலே வராது. மூளை முழுவதையும் ரோடு எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதில் ஒழுங்காக வந்து, வளைவும் ஒழுங்காக விழுந்தால், அவரிடம் இன்னும் வேகம் மிச்சம் இருக்கிறது. சபீனின் காட்சிகளைப் பாருங்கள், வேன் ஒருபக்கம் சாய்ந்து டயர் அலறிக்கொண்டிருக்கும், அவரோ முன்னால் போகிறவரைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பார், அதுவும் தாய்மொழி இல்லாத ஆங்கிலத்தில். பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்நியர்களிடம் வேடிக்கையாகப் பேசி அவர்களைச் சிரிக்க வைப்பதை அவர் தினமும் தொழிலாகச் செய்திருக்கிறார். விருந்தாளியைப் பார்த்துக்கொள்ளும் ஹோட்டல்காரப் பழக்கம் அதில் இருக்கிறது. கேமரா என்பது அவருக்கு இன்னொரு பயணி, அவ்வளவுதான்.

இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு டாப் கியரே சாட்சி. 2002ல் அந்த நிகழ்ச்சியைப் புதிதாகத் தொடங்கியபோது கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் ஒரு தொழில்முறை ரேஸ் ஓட்டுநரைச் சேர்க்க நினைத்தார்கள், கேமரா முன்னால் நன்றாகப் பேசுகிற ஓட்டுநர் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. அதற்குத் தீர்வாக வந்தவர்தான் ஸ்டிக், வெள்ளை உடையும் ஹெல்மெட்டும் போட்டு வாயே திறக்காத ஓட்டுநர். பேசுகிறவர்கள் எல்லாம் வேறு வழியில் வந்தவர்கள்: கிளார்க்சன் உள்ளூர்ப் பத்திரிகை நிருபராக ஆரம்பித்தவர், ரிச்சர்ட் ஹேமண்ட் உள்ளூர் வானொலியிலிருந்து, ஜேம்ஸ் மே கார் பத்திரிகைகளிலிருந்து. இரண்டும் கைவந்தவர்கள் இல்லாமல் இல்லை, பழைய டாப் கியரில் இருந்து பிறகு ஃபிஃப்த் கியர் என்ற இன்னொரு கார் நிகழ்ச்சிக்குப் போன டிஃப் நீடல் 1980ல் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயமே ஓட்டியவர். ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வேன் காட்சி உலகம் சுற்றினாலும் அவர் பிபிசியை மட்டும் நம்பி இருக்கவில்லை. 2006லிருந்து ஜெர்மனியின் டிமேக்ஸ் சேனலில் கார்ஸ்டன் ஃபான் ரிசனோடு டி மோட்டார் என்ற நிகழ்ச்சியை நடத்தினார். பந்தயத்தையும் விடவில்லை, அதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பேன். டிவியில் முகம் தெரிந்ததும் பலர் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிடுவார்கள். இவர் துணைவர் கிளவுஸ் ஆபெலனோடு ஃபிரிக்கடெல்லி ரேசிங் என்ற அணியில் போர்ஷே ஓட்டினார், 2008ல் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாம் இடம். கார் நிறுவனங்களின் ஆதரவோடு பெரிய அணிகள் வந்து இறங்கிய காலம் அது, தனியார் அணிக்கு அந்த இடம் சாதாரணமில்லை. 2015ல் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப் நார்ட்ஷ்லைஃபவுக்கு வந்தபோது மியூனிக் மோட்டார்ஸ்போர்ட் அணியின் செவ்ரோலே குரூஸில் விருந்தினராக இறங்கிப் பத்தாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார், அந்தத் தொடரில் புள்ளி எடுத்த முதல் பெண். வருடம் முழுக்க அந்தக் காரையே ஓட்டுகிறவர்களுக்கு நடுவில், 46 வயதில், பழக்கமில்லாத காரில் எடுத்த புள்ளி அது. தெரிந்த தடம் உதவியது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

2016 டாப் கியர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளார்க்சன் குழு போன பிறகு கிறிஸ் எவான்ஸ், மேட் லெப்ளாங்க் தலைமையில், ஸ்டிக்கையும் சேர்த்து ஏழு பேரை அறிவித்தார்கள், அதில் சபீனும் ஒருவர். ஏழு பேருக்கு ஒரு மணி நேரத்தில் என்ன கிடைக்கும்? ஒரு சீசன் முடிந்ததும் எவான்ஸ் விலகிவிட்டார். சபீன் அவ்வப்போது வந்து போனார். அவரைப் பக்கத்து இருக்கையில் யாராவது பயந்துகொண்டிருக்கும்படி காரில் உட்கார வைத்திருந்தாலே போதும், வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது. அதை ஏன் அதிகம் செய்யவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம், உள்ளே இருந்தவர்களுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம்.

2017 இறுதியிலிருந்து புற்றுநோயோடு போராடிக்கொண்டிருப்பதாக 2020 ஜூலையில் அவரே வெளியில் சொன்னார். 2021 மார்ச் 16ல் இறந்தார், வயது 51. அதே வருடம் நார்ட்ஷ்லைஃபவின் முதல் வளைவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2023ல் அவர் ஓட்டிய அந்த ஃபிரிக்கடெல்லி அணி ஒரு ஃபெராரி 296 காரில் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது, 162 சுற்று ஓடி, அதுவரை இல்லாத தூரம்.

கடைசியாக, அவரைப் போல ஆக வேண்டும் என்றால் ரேஸ் ஓட்டக் கற்பதா, ஊடகம் படிப்பதா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வழக்கமாக வருகிற வழி எழுத்து வழிதான், மேலே சொன்ன கிளார்க்சனும் மேயும் அப்படி வந்தவர்களே. செலவும் அதில்தான் குறைவு. ஓட்டுநர் வழியில் வருவதானால் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, ஓட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் புரிகிற மாதிரி பேசிப் பழக வேண்டும், பயிற்றுநர் வேலை அதற்கு நல்ல இடம். வேன் காட்சியை மறுபடி பார்ப்பதானால் அதற்கு முந்தைய ஜாகுவார் பகுதியையும் தேடிப் பிடித்துச் சேர்த்துப் பாருங்கள், அது இல்லாமல் வேன் சவாலுக்கே அர்த்தம் விளங்காது. அவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார் என்று கவனியுங்கள், அந்தத் தடத்தில் நிஜமாகவே கஷ்டமான இடங்கள் அவைதான். டயர், பிரேக், வளைவு பற்றி மேலே கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். டிவி ஒப்பந்தம், சம்பளம் என்றால் என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.